யார் வைத்த சேனை

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகிற ரோட்டை ஒட்டி, ஒரு செட்டியார் குடும்பம் தங்கள் ஆச்சி பேரில் கட்டிவைத்த பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி இருந்தது. பன்னிரண்டு கட்டில், ஒரு டாக்டரம்மா, மூன்று நர்ஸுகள். அந்த மூவரில் மூத்தவள் ஞானபூரணி. கைராசிக்காரி என்று அவளைத் தேடி வந்தவர்கள் உண்டு. அவள் வாய்க்குப் பயந்து மதுரைக்கே பஸ் ஏறியவர்களும் உண்டு. கோபம் அவளுக்கு மூக்குநுனியில் இருந்தது. அது வந்த வேகத்தில் போகாது என்பதுதான் கூடுதல் கஷ்டம்.

அவளுக்கு நோய்நொடியைவிடப் பெரிய எதிரி ஒன்று இருந்தது. சேனை.

அந்தச் சீமையில் பிள்ளை பிறந்ததும், குடும்பத்தில் பெயரெடுத்த ஒருவர் விரலைச் சீனித்தண்ணியில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைப்பார். அதுதான் சேனை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. பிள்ளை பிற்பாடு கெட்டிக்காரனாகிவிட்டால் வைத்தவர் மீசையை முறுக்கிக்கொண்டு தெருவில் நடப்பார். அதே பிள்ளை அடுத்தவன் தோப்பில் தேங்காய் திருடினால், அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார்.

நிறைமாதப் பிள்ளை இதையெல்லாம் தாங்கிவிடும். குறைமாதப் பிள்ளை என்ன செய்யும்? கிணற்றுத் தண்ணீரும் மூக்குப்பொடி விரலும் ஒன்றாய் உள்ளே போனால் அடுத்த நாளே வயிறு கழியத் தொடங்கும். பிறகு டாக்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஞானபூரணி போர்டு எழுதி மாட்டினாள். "சேனை வைக்கக் கூடாது. மீறினால் வெளியேற்றப்படுவீர்கள்." படிக்கத் தெரியாதவர்கள் தாராளமாக வைத்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் ஒளித்து வைத்தார்கள். அவள் வாசலில் நின்று பையைச் சோதித்தாள், சீனிப் பொட்டலங்களைப் பிடுங்கினாள், ஒருமுறை ஒருத்தர் செம்பையே தோட்டத்தில் கவிழ்த்தாள். போன ஆடியில் ஒரு நாள் காலையில், இரண்டு நாள் பெண்பிள்ளை ஒன்றின் வாயோரத்தில் எறும்பு ஊர்ந்தது. ஜன்னல் வழியாக யாரோ துணித்திரியில் சீனித்தண்ணி தொட்டு வைத்திருக்கிறார்கள். நான்காம் நாள் அந்தப் பிள்ளை போய்விட்டது. ஞானபூரணி மருந்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே வந்து இன்னும் பெரிய எழுத்தில் இன்னொரு போர்டு எழுதினாள். அதன்பிறகு அந்த வட்டாரத்துக் குறைமாதப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வருவதே குறைந்துபோயிற்று.

இப்படி இருக்கையில், எழுபதாம் வருஷத்துத் தை மாதம், மஞ்சுவிரட்டெல்லாம் முடிந்த மறுவாரம், சிங்கம்புணரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து முத்தழகு என்ற பெண்ணை வாடகைக் காரில் கொண்டுவந்தார்கள். எட்டாம் மாதம். வந்து அரைமணி நேரத்தில் ஆண் பிள்ளை பிறந்தது. எடை மூணேகால் பவுண்டு. அழுகிறதா கொட்டாவி விடுகிறதா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். முத்தழகுக்கு இது மூன்றாவது. முன்னால் பிறந்த இரண்டும் இதேபோல் குறைமாதத்தில் வீட்டிலேயே பிறந்து, ஒன்று ஒரு பகலும் மற்றது இரண்டு நாளும் இருந்து போய்விட்டன.

டாக்டரம்மா கல்யாணசுந்தரி அதிகம் பேசுகிறவர் இல்லை. பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சூடு, சுத்தம், தாய்ப்பால். மூணும் தவறாம கிடைச்சா பிழைக்கும், பூரணி. ஒண்ணு தவறினாலும் என்கிட்ட வேற வைத்தியம் கிடையாது" என்றார்.

பிள்ளையைப் பஞ்சில் சுற்றிக் கூடையில் வைத்து, இரண்டு பக்கமும் வெந்நீர் ரப்பர் பைகளை அணை கொடுத்தார்கள். உறிஞ்சிக் குடிக்க அதற்குத் தெம்பு இல்லை. தாயிடமிருந்து பாலை எடுத்து, கொதிக்க வைத்த இங்க் ஃபில்லரால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். முத்தழகுக்கோ காய்ச்சல், ரத்தமும் நிறையப் போயிருந்தது. படுத்தபடியே பாலை எடுத்துக் கொடுப்பாள். எழுந்து உட்கார முடியாது.

மறுநாள் காலையில் வாசலில் சத்தம் கேட்டது. ஞானபூரணி போனாள்.

வெள்ளைச்சேலை கட்டிய ஒரு நெட்டைப் பெண்பிள்ளை நின்றாள். பொன்னுத்தாயி. முத்தழகின் புருஷன் வீரையாவுக்கு அக்கா. பத்தொன்பது வயதில் தாலியை இழந்து பிறந்தவீட்டுக்கு வந்தவள், தாய்தகப்பன் போனபிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கி, இன்றைக்கும் வீட்டுச் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறவள். அவள் பக்கத்தில் ஊர்த்தலைமை பார்க்கும் அம்பலம் மலையாண்டி, பங்காளி முறையில் அண்ணன். காளை வளர்ப்பதில் பேர்போன மனிதர். மீசை ஒரு பக்கம், மூக்குப்பொடி மறுபக்கம். ஊரில் பாதிப்பேருக்கு அவர் வைத்த சேனைதான். கையில் பித்தளைக் கிண்ணம்.

"அங்குட்டே நில்லுங்க. கிண்ணத்தோட உள்ள விடமாட்டேன்" என்றாள் ஞானபூரணி.

"நாங்க என்ன விஷமா கொண்டாந்திருக்கோம்?" என்றாள் பொன்னுத்தாயி. "பிள்ளைக்குச் சேனை வச்சிட்டு அண்ணன் கிளம்பிருவாக. வழிய விடும்மா."

"அந்தப் பிள்ளைக்கு அது விஷம்தான்."

"முத ரெண்டு பிள்ளைக்கும் சேனை வைக்கல. நல்ல நாள் பார்ப்போம், பார்ப்போம்னு இருந்தோம். ரெண்டும் போயிருச்சு. சேனை வைக்காத பிள்ளை தங்குமாம்மா? ஏழுல பிறந்தாக்கூடத் தங்கும், எட்டுல பிறந்தது தங்காதும்பாக. இதுக்கும் வைக்காம விடச் சொல்றீகளா?"

"போர்டுல எழுதியிருக்குல்ல?"

"போர்டா வந்து பிள்ளைய வளர்க்கப் போகுது? பிள்ளையக் குடுங்க. நாங்க வீட்டுக்குக் கொண்டுபோறோம்."

"கொண்டுபோனா பொழுது சாயிற வரைக்கும் தாங்காது."

"இங்க இருந்தா தாங்கும்னு எழுதிக் குடுப்பீகளா?"

ஞானபூரணி வாயை அடைத்த முதல் ஆள் என்ற பெருமை பொன்னுத்தாயிக்குத்தான் போகவேண்டும். ஏதாவது சொல்லவேண்டுமே என்று தேடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து முத்தழகு கூப்பிட்டாள்.

"நர்ஸம்மா, சேனை வைக்க விட்டுருங்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சல் கை சுட்டது. "வைக்காம இருந்து இது போயிருச்சுன்னா, அந்தப் பழிய நான் சாகுற வரைக்கும் சுமக்கணும். பிழைச்சாலும் இது யாரு பிள்ளைன்னு கேப்பாக. சேனை வச்சாத்தான் அவுகளுக்கு இது பிள்ளை. இல்லாட்டி வெறும் ஆஸ்பத்திரிப் பொருளு."

ஞானபூரணி கூடைக்கு முன்னால் நின்றாள். இத்தனை வருஷமாக அவள் சீனித்தண்ணியைத்தான் பார்த்துச் சண்டை போட்டாள். இவர்களுக்குச் சீனித்தண்ணி ஒரு பொருட்டே இல்லை. ஒரு பெரிய மனிதர் வந்து, இது எங்கள் பிள்ளை என்று நாலு பேர் பார்க்கத் தொடவேண்டும். அவ்வளவுதான். தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. வழக்கமாகப் பிறர்மேல் வருகிற அளவுக்கே வந்தது.

வெளியே வந்தாள். "அம்பலம் அய்யா, சேனையில சீனித்தண்ணிதான் வைக்கணும்னு சாத்திரமா?"

மலையாண்டி யோசித்தார். "அப்படிச் சொல்ல முடியாது. முன்னெல்லாம் கழுதைப்பாலு. எங்க அய்யா காலத்துல தேனு. சீனி ரேஷன்கடை வந்தபிறகு வந்ததுதானே."

"அப்ப இந்தப் பிள்ளைக்குத் தாய்ப்பால் வைங்க."

"சீம்பாலையா?" பொன்னுத்தாயி பதறினாள். "மூணு நாளைக்குப் பீச்சிக் கீழ ஊத்துற பாலும்மா அது! மஞ்சளா, கெட்டியா, அதைப் போயி…"

ஞானபூரணி அவள் பக்கமே திரும்பவில்லை. "அய்யா, நீங்க காளை வளர்க்கிறவுக. பசு கன்னு போட்டதும் சீம்பாலக் கன்னுக்கு விடாம எல்லாத்தையும் கறந்துட்டா என்ன ஆகும்?"

"கன்னு நிக்காது" என்றார் மலையாண்டி, யோசிக்காமல். சொன்ன பிறகுதான் யோசித்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பொன்னுத்தாயியைப் பார்த்தார். "ஏ ஆத்தா… நர்ஸம்மா சொல்றது சரிதான் போலருக்கே. மாட்டுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியாமப் போச்சே."

அடுத்த கால்மணி நேரம் மலையாண்டி அம்பலம் வாழ்க்கையில் மறக்கமாட்டார். குழாயடியில் நிறுத்தி, கார்பாலிக் சோப்பைக் கொடுத்து முழங்கை வரை தேய்க்கச் சொன்னாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. மோதிரத்தைக் கழற்றச் சொன்னாள். நகம் வெட்டிவிட்டாள். பொடி மட்டையைப் பின்னால் நின்ற வீரையாவிடம் கொடுக்க வைத்தாள். "கல்யாணத்தன்னைக்குக்கூட என்னை இப்படித் தேய்ச்சுவிடல" என்று அவர் முணுமுணுத்தது வராந்தா முழுக்கக் கேட்டது. வெள்ளை அங்கியை மாட்டிவிட்டு, கையில் ஃபில்லரைக் கொடுத்தாள்.

"விரல்ல தொட்டுத்தானே வைக்கணும்? இது பள்ளிக்கூடத்துல மை ஊத்துறதுல்ல?"

"கை உங்க கைதானே. அது போதும்."

அவர் கூடையின் மேல் குனிந்தார். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சேனை வைத்தவர், இவ்வளவு சிறிய பிள்ளையைப் பார்த்ததில்லை. துள்ளிவருகிற காளையின் கொம்பைப் பிடித்த கை, ஃபில்லரை மெல்ல மெல்ல அழுத்திற்று. மஞ்சள் பால் நாக்கில் விழுந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்தது, பிறகு விழுங்கிற்று. "குடிச்சிட்டான்டா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் இரண்டு விழித்து அழுதன. முத்தழகு கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து ஞானபூரணி பார்த்தது அதுதான் முதல்முறை.

பொன்னுத்தாயி மட்டும் உள்ளே வரவில்லை. நல்ல காரியம் நடக்கிற இடம் என்று வாசலுக்கு வெளியிலேயே, சுவரோடு சுவராக நின்றாள்.

அம்பலம் ஊருக்குப் போய்விட்டார். பிள்ளைக்கு இரண்டு மணிக்கு ஒருதரம் பசித்தது. அன்றைக்கு மத்தியானம் பார்த்து இரண்டு பிரசவம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. நர்ஸுகள் மூவருக்கும் கை ஒழியவில்லை. ஞானபூரணி வராந்தாவுக்கு ஓடிவந்து, "கையக் கழுவிட்டு வாங்க. பிள்ளைக்குப் பால் விடணும்" என்றாள் பொன்னுத்தாயியிடம்.

பொன்னுத்தாயி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நானா? தாலியறுத்த கைம்மா இது. பிள்ளை வாயில வைக்கிற கை இல்ல."

"வீரையாவுக்குச் சோறு ஊட்டுனது யாரு?"

"நான்தான்."

"அவரு செத்தா போயிட்டாரு? அந்தா, வேப்பமரத்தடியில மரத்தோட மரமா நிக்கிறாரே!"

வீரையா ஒன்றும் புரியாமல் தூக்குவாளியோடு இன்னும் நேராக நின்றான். பொன்னுத்தாயி அவனைப் பார்த்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள்.

அன்றிலிருந்து பகல் முழுக்க அவள் வேலை அது. சோப்புப் போட்டுப் போட்டு அவள் கை வெளுத்துச் சுருங்கிப்போயிற்று. மணி பார்க்கத் தெரியாது. ஆனால் பிள்ளையின் உதடு லேசாகக் கூம்புவதை வைத்தே நேரத்தைச் சொல்வாள். அவசரப்பட்டு ஒரு சொட்டு கூட விடமாட்டாள். ஒன்று விழுங்கியதா என்று தொண்டையைப் பார்த்து, அப்புறம்தான் அடுத்தது. பயிற்சி பெற்ற நர்ஸுகளுக்கே அந்தப் பொறுமை கிடையாது. ஞானபூரணிக்கு நிச்சயமாகக் கிடையாது.

ஆறாம் நாள் பிள்ளையை நிறுத்தபோது மூன்று பவுண்டுதான் இருந்தது. கால் பவுண்டு குறைந்துவிட்டது. அன்றைக்குக் காலையிலேயே பார்க்க வந்திருந்த சிகப்பி என்ற உறவுக்காரி, குரலைத் தாழ்த்தாமலே, "வெள்ளைச்சேலைக்காரி கையால குடுத்தா வேற எப்படி ஏறும்?" என்றாள். சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு ஊருக்குப் போனாள்.

பத்து மணிப் பாலுக்குப் பொன்னுத்தாயியைக் காணோம். முத்தழகு கட்டிலில் எழுந்து உட்கார முயன்று, முடியாமல் அழுதாள். "மதினியக் கூப்பிடுங்க நர்ஸம்மா. அவுக குடுத்தாத்தான் கக்காமக் குடிக்குது."

ஞானபூரணி தானே பாலை விட்டாள். அவசரத்தில் இரண்டு சொட்டு சேர்ந்து விழுந்து, பிள்ளைக்குப் புரையேறி முகம் நீலம் பாரித்தது. முதுகைத் தடவித் தடவி மூச்சு சீராவதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது. மற்றொரு நர்ஸிடம் கூடையை ஒப்படைத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினாள்.

பொன்னுத்தாயி புளியமரத்தடியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். "போதும்மா. என் கை பட்டுத்தான் குறையுது. இதையும் நான் முழுங்கிட்டேன்னு பேரு வேண்டாம்" என்றாள். அந்தப் பெரிய வாய்க்காரி அவ்வளவு சின்னக் குரலில் பேசி ஞானபூரணி கேட்டதில்லை.

"முத வாரத்துல எந்தப் பிள்ளைக்கும் எடை குறையும்" என்றாள் ஞானபூரணி, மூச்சு வாங்க. "ராசாவூட்டுப் பிள்ளைக்கும் குறையும். பத்து நாள் போனாத்தான் ஏறும். இதை உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

தன் தப்பு என்ற வார்த்தை ஞானபூரணி வாயிலிருந்து வந்ததை ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை என்பது பெரிய நஷ்டம்.

"ஏறாட்டி?"

"ஏறாட்டி ஜனங்க திட்டுறதுக்கு நானும் உங்க பக்கத்துல வந்து நிக்கிறேன். இப்ப நான் விட்ட பாலுல பிள்ளைக்குப் புரையேறிருச்சு. எனக்கு அந்தக் கை வரல. எந்திரிங்க."

புரையேறிவிட்டது என்று கேட்டதுதான் தாமதம், பொன்னுத்தாயி மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாள். மூட்டையை ஞானபூரணிதான் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

ஏழு, எட்டு, ஒன்பதாம் நாட்களில் எடை அப்படியே நின்றது. பத்தாம் நாளும் ஏறவில்லை. ஞானபூரணி அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தாள், குன்றக்குடி முருகனுக்கும் ஒன்று சொல்லிவைத்தாள். பதினோராம் நாள் தராசு முள் ஒரு அவுன்ஸ் நகர்ந்தது. டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஏறுது" என்றார். அவருக்கு அது நீண்ட பேச்சு. பொன்னுத்தாயி தராசையே பார்க்கவில்லை, பாலுக்கு நேரமாகிவிட்டது என்று குழாயடிக்குப் போய்விட்டாள்.

முத்தழகின் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் வாரம் பிள்ளையை மார்பில் போட்டதும் அது தானாகவே முட்டி முட்டிக் குடிக்கக் கற்றுக்கொண்டது. டாக்டரம்மா சொல்லி ஞானபூரணி தன் இரண்டு போர்டுகளையும் கழற்றினாள். வாசலில் ஒரு குழாயும் சோப்பும் வந்தன. யார் வேண்டுமானாலும் சேனை வைக்கலாம், ஆனால் ஒரே ஒருவர், நகம் வெட்டி, முழங்கை வரை கழுவி, தாய்ப்பால் மட்டும். மலையாண்டி ஊர் ஊராகப் போய், தான் எப்படித் தேய்க்கப்பட்டேன் என்பதைக் கதைகதையாய்ச் சொன்னதில், கண்டரமாணிக்கம் வரைக்கும் பெரிய மனிதர்கள் வீட்டிலேயே நகம் வெட்டிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். குறைமாதப் பிள்ளைகளும் திரும்ப வரத் தொடங்கின. எல்லாம் பிழைத்தன என்று சொல்லமுடியாது. ஆனால் வயிறு கழிந்து போகிற பிள்ளை அந்த வருஷம் ஒன்றுகூட இல்லை.

நாற்பத்தைந்தாம் நாள் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்தரைப் பவுண்டு. கன்னத்தில் கொஞ்சம் சதைகூட வைத்திருந்தது. அழைத்துப்போக இரண்டு காரில் சனம் வந்திருந்தது, மலையாண்டி புது வேட்டியில் வந்திருந்தார். வராந்தாவில் பிள்ளை கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. ஞானபூரணி ஒவ்வொரு கையும் கழுவிய கைதானா என்று கேட்டு மிரட்டிக்கொண்டிருந்தாள். அப்போது பிள்ளை வீறிட்டு ஒரு அழுகை அழுதது. கொட்டாவி என்று இனி யாரும் நினைக்க முடியாத அழுகை.

"ஆத்தாடி, என்ன ரோஷம்!" என்று சிரித்தாள் ஒரு கிழவி. "யாரு வச்ச சேனை இது?"

எல்லோரும் மலையாண்டியைப் பார்த்தார்கள். அவர் கை வழக்கம்போல மீசைக்குப் போனது. பாதியில் நின்றது. அவர் பார்வை வராந்தாவைத் தாண்டி, பின்பக்கத் தூண் மறைவுக்குப் போனது. நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரே வந்துவிடக் கூடாதே என்று, பொன்னுத்தாயி வெள்ளைச்சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அங்கே ஒதுங்கி நின்றாள்.

"நான் வச்சது ஒரு சொட்டு" என்றார் மலையாண்டி. "ஒரே ஒரு தரம். வச்சிட்டு ஊருக்குப் போயி ஊரெல்லாம் பேசிக்கிட்டுத் திரிஞ்சேன். ரெண்டு மணிக்கு ஒருதரம், மூணு வாரமா வச்சவ அந்தா நிக்கிறா. இந்தப் பயலுக்கு அவ குணம்தான் வரும். வரணும்."

அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு தூண் பக்கம் போய், பொன்னுத்தாயியின் கையில் வைத்தார்.

"தூக்கிக்க ஆத்தா. நீ முன்னால நட."

எதற்கும் பதில் வைத்திருக்கும் பொன்னுத்தாயி முத்தழகைப் பார்த்தாள். "போங்க மதினி" என்றாள் முத்தழகு. ஞானபூரணி அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, கழுவாத கை யாருடையது என்று யாரையோ அதட்டினாள். அன்றைக்கு மட்டும் யாரும் பயப்படவில்லை.

பொன்னுத்தாயி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிக் காரைப் பார்த்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற எல்லோரும் போனார்கள்.